கையெழுத்து அவளுடையது: கருக்கலைப்புக்குத் துணை போகிறவர்களுக்கு

கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒரு பெண் உங்களிடம் வந்து, "அக்கா, நாள் தள்ளியிருக்கு. எனக்கு இப்ப வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா?" என்று கேட்டால், நீங்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் குன்னூரில் வக்கீல். தோட்டத்துப் பெண்களுக்கும் டவுன் கடைகளில் வேலை பார்க்கிற பெண்களுக்கும் இப்படித் துணைக்குப் போவது என் தொழிலோடு சேர்ந்தே வந்துவிட்டது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய உடம்பு அவருக்கே சொந்தம். அதில் அரசுக்கோ ஊருக்கோ புருஷனுக்கோ பாத்தியதை கிடையாது. இப்படித் தனிமனித சுதந்திரத்தில் அரசு தலையிடக் கூடாது என்கிறவர்களை லிபர்டேரியன் என்பார்கள்; அப்படி என்னைச் சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த 5,25,000-க்குள் எங்கள் குடும்பமும் அடங்கியது. ஒப்பந்தம் எழுதும்போது நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு, அதாவது லைன் வீட்டுக்கு, வந்து யாரும் எதையும் கேட்கவில்லை. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன்.

முதலில் அவளைத் தனியாகக் கேளுங்கள்

ஆஸ்பத்திரி, சட்டம், மாத்திரை எல்லாம் பிறகு. முதல் வேலை இதுதான், மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். புருஷன், மாமியார், அம்மா, காதலன் யாரும் காது கொடுக்க முடியாத இடத்தில் அவளிடம் பேசுங்கள். தோட்டத்தில் என்றால் இலை நிறுத்து முடித்துத் திரும்பி வரும் வழி நல்லது. லைன் வீட்டுக்குள் பேசாதீர்கள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் இருக்கும்.

கேள்வியும் எளிமையாக இருக்கட்டும். "உனக்கு என்ன வேணும்?" அவ்வளவுதான். "கலைச்சிடலாமா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல வைப்பீர்கள். "பெத்துக்கலாமே" என்றால் அழவைப்பீர்கள்.

ஒரு மாமியார் மருமகளை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். மாமியார்தான் பேசினார்: உடம்பு தாங்காது, வருமானம் பத்தாது, எந்த ஆஸ்பத்திரி நல்லது. அந்தப் பெண் தன் புடவைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கீழே கடையில் டீ சொல்லிவிட்டு வரச் சொல்லி மாமியாரை அனுப்பினேன். படியில் செருப்புச் சத்தம் இறங்கியதும் அவள் சொன்னாள்: "எனக்கு வேணும்க்கா. இதுவும் பொண்ணுதான்னு இவங்களே முடிவு பண்ணிட்டாங்க." மாமியார் திரும்பி வந்ததும், பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க வைத்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகும் என்று அமைதியாக எடுத்துச் சொன்னேன். அந்தக் குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறது.

என் உடம்பு என் முடிவு என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் அதே பலத்தோடு பிடித்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்கிறவளுக்குத் துணை நிற்பதும் வேண்டும் என்கிறவளுக்குத் துணை நிற்பதும் ஒரே வேலை. சட்டம் ஒரே ஒரு சம்மதத்தைத்தான் கேட்கிறது, அது அவளுடையது.

வாரக் கணக்கு

நம் பெண்கள் மாதத்தில் கணக்குச் சொல்வார்கள். சட்டமும் டாக்டரும் வாரத்தில் கணக்குப் போடுவார்கள். கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து அல்ல. "ரெண்டு மாசம்தான்" என்கிறவளுக்கு ஸ்கேனில் பத்து வாரம் வருவது இதனால்தான். ஸ்கேன் பார்க்கும்போது ஆணா பெண்ணா என்று வாய் தவறியும் கேட்காதீர்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கிற 1994-ன் சட்டப்படி சொல்கிறவரோடு கேட்கிறவரும் மாட்டுவார்.

1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. இப்போதைய நிலை இது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பம் என்றால், அதனால் வரும் மனவேதனையே போதுமான காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2021-க்கு முன்பு அந்த இடத்தில் "மணமான பெண், அவள் கணவன்" என்று இருந்தது. இப்போது "எந்தப் பெண்ணும், அவள் துணையும்" என்று மாற்றிவிட்டார்கள். 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், அதுவும் சில நிலைமைகளில் இருப்பவர்களுக்கு மட்டும்: பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், கருவில் குறை உள்ளவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள். மணமாகாத பெண்களை இதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புருஷன் செய்த பலாத்காரமும் இந்தச் சட்டத்தின் கண்ணில் பலாத்காரம்தான் என்று சொன்னதும் அதே தீர்ப்பு.

24 வாரம் தாண்டினால், கருவில் கடுமையான குறை இருந்தால் மட்டும் மருத்துவக் குழுவிடம் போகலாம். கேட்ட மூன்று நாளில் குழு கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் ஐந்து நாளுக்குள் முடிய வேண்டும். தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் எந்த வாரக் கணக்கும் குறுக்கே நிற்காது. இது எதிலும் அடங்காதவர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் நேரடியாக உத்தரவு கேட்கிற ரிட் மனு ஒன்றுதான் வழி. நீலகிரிக்காரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பழனி மலைப் பக்கம் என்றால் மதுரைக் கிளை. கொடைக்கானலில் யாருக்காவது துணை நிற்கிறீர்கள் என்றால் இதை நினைவில் வைத்திருங்கள், தவறான வாசலில் நின்றால் ஒரு வாரம் போய்விடும்.

எங்கே போவது, எதைப் பார்ப்பது

அரசு மருத்துவமனைக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை. தனியார் என்றால் மாவட்டக் குழு கொடுத்த அங்கீகாரச் சான்றிதழ் வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

இங்கே என் கோபத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுக்கிற சட்டமாக எழுதப்படவில்லை. கருவைக் கலைப்பது குற்றம் என்று தண்டனைச் சட்டம் இன்றைக்கும் சொல்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 312, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-வது பிரிவு. அந்தக் குற்றத்திலிருந்து டாக்டருக்குப் பாதுகாப்புக் கொடுப்பதற்காகத்தான் 1971-ன் சட்டம். இந்த டாக்டர், இந்தக் கட்டடம், இந்த வாரம் என்று நிபந்தனை பொருந்தினால் குற்றமில்லை. அந்த வட்டத்துக்கு வெளியே தன் கருவைத் தானே கலைத்துக்கொண்டால் அவளே குற்றவாளி. ராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கிய 1959-ல் எதற்கும் அரசு அனுமதி வாங்கச் சொல்கிற லைசென்ஸ் பர்மிட் ராஜ்யம் என்று எதைத் திட்டினாரோ, அது ஆலை முதலாளிகளைவிட எங்கள் தோட்டத்துப் பெண்கள் மேல்தான் இன்று அதிகமாக விழுகிறது. பர்மிட் உள்ள இடம் மலையில் குறைவு. அதனால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று இறங்க வேண்டியிருக்கிறது. இறங்குவதற்குள் வாரம் ஏறிவிடுகிறது. நேபாளத்தில் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களே ஆரம்ப வாரங்களில் மாத்திரை கொடுக்கிறார்கள். இங்கே நம் ஊர் நர்சம்மா அதைத் தொட முடியாது. மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டே இருந்தாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலான மருந்துக் கடைகள் வைத்திருப்பதில்லை, அதிகாரிகள் வந்து கணக்குக் கேட்பார்கள் என்ற பயம்.

ஆனால் கோபத்தில் சீட்டில்லாமல் எங்கிருந்தோ மாத்திரை வாங்கிக்கொடுக்காதீர்கள். நமக்குச் சட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக அவள் உயிரையும் ஜாமீனையும் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

கையெழுத்துப் போடுகிற மேஜை

சிக்கல் இங்கேதான் வரும். "வீட்டுக்காரர் வந்திருக்காரா? அவர் கையெழுத்து வேணுமே" என்பார்கள். வேண்டியதில்லை. சம்மதப் படிவத்துக்கு படிவம் 'சி' என்று பெயர். அதை வாங்கிப் பாருங்கள். மகள் அல்லது மனைவி என்று ஒரு இடம், வயது, நிரந்தர முகவரி, இப்போதைய முகவரி, "எனது கர்ப்பத்தை முடிவுக்குக் கொண்டுவர இதன்மூலம் சம்மதிக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி, இடம், தேதி, கையெழுத்து. அதற்குக் கீழே இருக்கிற பகுதி காப்பாளருக்கானது. பெண் 18 வயதுக்குக் குறைந்தவளாகவோ மனநோய் உள்ளவளாகவோ இருந்தால் மட்டும் நிரப்ப வேண்டும். புருஷன் கையெழுத்துப் போட அந்தத் தாளில் இடமே கிடையாது. அவள் அப்பா பெயரை எழுதினாலும் செல்லும்.

மறுத்தால் சத்தம் போடாதீர்கள். நான் சொல்வது இதுதான்: "மேடம், இவங்க மேஜர். சட்டத்தில இவங்க சம்மதம் மட்டும்தான் கேட்டிருக்கு. வேற கையெழுத்து வேணும்னா எந்த விதியின்படின்னு எழுதிக் கொடுங்க, வாங்கிட்டு வர்றேன்." எழுதிக் கொடுக்க யாரும் முன்வந்ததில்லை. 2022 தீர்ப்பிலும் இப்படிச் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் வைக்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது.

18 வயதுக்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதம் எழுத்தில் வேண்டும். காப்பாளர் என்றால் அவளைப் பராமரிக்கிறவர், அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; வளர்க்கிற பாட்டியும் ஆகலாம். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்வார். ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் தெரிவிக்கத் தேவையில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு பேரமும் நடக்கும். ஒரு ஆஸ்பத்திரியில், "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சேர்த்து ஒத்துக்கிட்டாத்தான் இதைப் பண்ணுவோம்" என்று நான் கூட்டிப்போன பெண்ணிடம் சொன்னார்கள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. இது நெருக்கடி நிலைக் காலத்துப் புத்தி. 1975-லிருந்து 1977 வரை ஆள்பிடித்து ஆபரேஷன் செய்த அரசாங்கமும், பெற்றே தீரவேண்டும் என்று கட்டளையிடுகிற அரசாங்கமும் எனக்கு வேறு வேறல்ல. பெரியார் 'குடி அரசு' காலத்திலேயே இதைப் பிரித்துச் சொன்னார்: கர்ப்பத்தடையை மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காக, தாயின் உடல்நலத்துக்காக, குடும்பச் சொத்துக்காகக் கேட்கிறார்கள்; நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று. ஆபரேஷனோ காப்பர் டியோ அவளுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும். நிபந்தனையாக வைத்தால், இரண்டுக்கும் தனித்தனிச் சம்மதம் என்று சொல்லி அடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

சில டாக்டர்களும் நர்சுகளும் மனச்சாட்சிக்காக இதைச் செய்ய மாட்டார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவள் உடம்பு அவளுடையது என்றால் அவர்கள் கையும் அவர்களுடையதுதான். உயிருக்கு ஆபத்தில்லாத நேரத்தில் மறுக்கட்டும். ஆனால் போதனை வேண்டாம், செய்கிறவர் யார் என்று சொல்லிவிட்டு ஒதுங்கட்டும்.

"அந்த உயிருக்கு உரிமை இல்லையா?"

இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்பார்கள். அவளும் உங்களைக் கேட்கலாம். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் வைத்திருங்கள். லிபர்டேரியன்களே இதில் ஒன்றுபட்டதில்லை. அமெரிக்காவில் ரான் பால் என்று டெக்சாஸ் எம்.பி.யாக இருந்த பிரசவ டாக்டர், அரசாங்கம் எதிலும் தலையிடக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர், கருக்கலைப்பை எதிர்க்கிறார். உள்ளே இருப்பதும் ஒரு தனிமனித உயிர், அதைத் தாக்குவதும் வன்முறை என்பது அவர் வாதம். அங்கே இருக்கிற லிபர்டேரியன் கட்சி, இதில் அரசு விலகியிருக்க வேண்டும் என்று நெடுங்காலம் வைத்திருந்த வரியைத் தன் கொள்கை அறிக்கையிலிருந்து 2022-ல் நீக்கியது. அதே ஆண்டு ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அங்கே உரிமையாக்கிய 1973-ன் ரோ தீர்ப்பைக் கவிழ்த்தது.

என் பதில் இது. உள்ளே இருப்பது உயிர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு உயிரைக் காப்பாற்ற இன்னொருவர் உடம்பைக் கட்டாயப்படுத்தி எடுத்துக்கொள்ளலாமா? தன் சொந்தப் பிள்ளைக்குச் சிறுநீரகம் கொடு என்று ஒரு அப்பனைச் சட்டம் கட்டாயப்படுத்த முடியாது. நம் 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் கொடுக்கிறவர் சம்மதத்தில்தான் நிற்கிறது. 1978-ல் பென்சில்வேனியாவில் சாகக் கிடந்த ஒருவர், எலும்பு மஜ்ஜை பொருந்துகிற தன் உறவினரைக் கொடுக்க வைக்கும்படி கோர்ட்டுக்குப் போனார். மறுத்தது அறமல்ல என்று நீதிபதி கண்டித்தார், ஆனாலும் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டார். அப்பனுக்கும் உறவினருக்கும் உள்ள அந்த எல்லைக்கோடு, ஒன்பது மாதம் தன் ரத்தத்தைக் கொடுக்கிற அம்மாவுக்கு மட்டும் எப்படி அழிந்துபோகும்?

பிந்தைய மாதங்களில் என் பேச்சு மாறும். வெளியே எடுத்தால் பிழைக்கிற நிலைக்கு வந்துவிட்ட குழந்தை என்றால், கர்ப்பத்திலிருந்து விடுபட அவளுக்கு உரிமை உண்டு, அந்தக் குழந்தை சாக வேண்டும் என்று கேட்க உரிமை இல்லை. 2023 அக்டோபரில் 26 வாரம் தாண்டிய ஒரு பெண்ணின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததைப் படித்தபோது அந்தப் பெண்ணுக்காக மனம் கனத்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் கேள்வியே கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தாமதப்படுத்தாதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன்.

மாத்திரையா, ஆஸ்பத்திரியிலேயா

ஒன்பது வாரம் வரை மாத்திரை முறை உண்டு. முதல் மாத்திரை டாக்டர் முன்னால், ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் கழித்து அடுத்தது. இரண்டாவதுக்குப் பிறகுதான் வலியும் ரத்தப்போக்கும். இது வீட்டில் நடக்கும். வீடு எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். பொதுக் கக்கூஸ் உள்ள லைன் வீட்டில் அத்தனை பேர் கண்முன் இதை மறைக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே உறிஞ்சு முறையில் முடித்துக்கொண்டு வருவதுதான் நல்லது என்பேன். பன்னிரண்டு வாரம் வரை செய்யலாம், பெரும்பாலும் அன்றைக்கே திரும்பிவிடலாம். முடிவு அவளுடையது, டாக்டரிடம் இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள்.

மாத்திரைதான் என்றால் நாளைப் பார்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலைப் பாதையில் மண் சரிந்தால் பஸ் நிற்கும், 108 வருவதும் தாமதமாகும். அந்த இரண்டாவது நாளில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் அவள் தங்க முடிந்தால் தங்கட்டும். கருப்போ அடர் நிறமோ உள்ள பாவாடை, பெரிய நாப்கின், சுடுதண்ணீர், ஒரு கம்பளி. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே இருந்தால் காத்திருக்காதீர்கள். மயக்கம், ஒரு பக்கமாகக் குத்துகிற வலி, காய்ச்சல், துர்நாற்றம் என்றாலும் உடனே ஆஸ்பத்திரிதான். குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது, அதனால் முதலில் ஸ்கேன் அவசியம். ரத்தசோகை இருந்தாலும், நம் மலையின் ஆதிவாசிக் குடும்பங்களில் உள்ள சிக்கிள் செல் நோய் இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதற்கான ஊசி பற்றிக் கேளுங்கள்.

ரகசியமும் லீவும்

அவள் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும். கேஸ் ஷீட், தியேட்டர் பதிவேடு, திரும்ப வரச் சொல்கிற அட்டை எல்லாவற்றிலும் வரிசை எண் மட்டுமே. வெளியே சொல்கிற டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அட்டையில் பெயர் எழுதுவதைப் பார்த்தால் அப்போதே சொல்லி மாற்றச் சொல்லுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே பிக்மியில், அதாவது கர்ப்பிணிகளுக்கான அரசின் கணினிப் பதிவில், பதிவு செய்திருந்தால் தேதி பார்த்துத் தேடி வருவார். கர்ப்பம் இல்லை என்று சொன்னால் போதும், ஏன் எப்படி என்று விவரிக்கத் தேவையில்லை. பிக்மி எண்ணோ ஆதாரோ கருக்கலைப்புக்கு வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

லீவு விஷயம் தோட்டத்தில் பலருக்குத் தெரியாது. கருச்சிதைவுக்கும் கருக்கலைப்புக்கும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு; முன்பு மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்தது, இப்போது அதன் இடத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. அதற்கான சான்றிதழை அவள் கேட்டால் டாக்டர் கொடுக்க வேண்டும், வாங்குகிற முதலாளி அதை வேறு யாருக்கும் சொல்லக்கூடாது. கங்காணி, சூப்பர்வைசர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். உறையில் போட்டு ஒட்டி, ஆபீசில் பொறுப்பானவரிடம் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்பு வேண்டாம், விஷயம் தெரியாமல் இருந்தால் போதும் என்று அவள் சொன்னால் அதுவும் அவள் முடிவு, வற்புறுத்தாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். அடுத்த தீட்டு வருவதற்கு முன்பே மறுபடி கரு தங்கலாம் என்பதை அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் மறுத்தாலும், வீட்டில் மிரட்டினாலும் 15100-க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எங்கள் மாவட்டத்துக்கு ஊட்டியில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உடல்நலச் சந்தேகத்துக்கு 104, வீட்டு வன்முறைக்கு 181. இந்த எண்களை அவள் போனில் பதியும்போது என்ன பெயரில் பதிவது என்று அவளையே கேட்டுப் பதியுங்கள், போன் யார் யார் கையில் போகும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.